சத்தம் போட்டா வராது பாஸ்!

உங்க கிளாஸ்ல ஒருத்தன் இருப்பான். இல்லைன்னா ஒருத்தி. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'பிரசன்ட் சார்'னு ஒரு சின்னக் குரல் கேட்கும். அதுக்கப்புறம் நாள் முழுக்க அந்தக் குரல் வெளியே வராது. கேன்டீன்ல பார்த்திருக்கீங்களா? ஞாபகம் இல்லை. டூர் போன குரூப் போட்டோவுல? ஓரத்துல பாதி முகம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த முகத்தைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா நான் இப்போ சொல்லப் போறது ஆப்பிரிக்கக் காட்டுல இருக்கற ஒரு வழுக்கைத் தலைப் பறவையைப் பத்தி. ரெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்கறீங்களா? அந்தப் பாறைக்கு முன்னாடி போய் உட்கார்ற வரைக்கும் எனக்கும் தெரியாது!

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். நான் 2017-ல இன்ஜினீயரிங் முடிச்ச ஆள். காலேஜ்ல எனக்குப் பேரு 'ஸ்பீக்கர்'. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். ஃப்ரெஷர்ஸ் டேயா, டிபார்ட்மென்ட் டேயா, ஹாஸ்டல் டேயா... எங்கே மைக் இருந்தாலும் அங்கே நான் இருப்பேன். ஹெச்.ஓ.டி. மாதிரி பேசிக் காட்டுவேன், அதை ஹெச்.ஓ.டி.யே பார்த்துச் சிரிப்பார். அந்த அளவுக்கு செல்லம்!

எங்க கிளாஸ்ல அந்த 'பிரசன்ட் சார்' பையன் ஒருத்தன் இருந்தான். பேரு வேண்டாம். நாங்க யாரும் அவனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'மியூட்'னுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டத்தை வச்சது யாருன்னு கேட்கறீங்களா? வேற யாரு... நான்தான்.

தேர்டு இயர் டிபார்ட்மென்ட் டே. 'ஜஸ்ட் எ மினிட்' போட்டி. தெரியும்ல? டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்கணும், அதுல இருக்கற தலைப்பைப் பத்தி நிறுத்தாம ஒரு நிமிஷம் பேசணும். லிஸ்ட் எழுதறது என் வேலை. ஜாலிக்காக அவன் பேரையும் எழுதி வச்சேன். அவன்கிட்ட சொல்லவே இல்லை.

பேரைக் கூப்பிட்டதும் அரங்கமே 'ஓ...'ன்னு கத்துச்சு. பசங்க ரெண்டு பேர் அவனைக் கிட்டத்தட்ட தூக்கிட்டே போய் மேடையில விட்டாங்க. சீட்டு எடுத்தான். பிரிச்சுப் பார்த்தான். மைக் முன்னாடி நின்னான். ஒரு பத்து செகண்ட் இருக்கும். நான் கீழே இருந்து, "மச்சி, வால்யூமைக் கூட்டுடா!"ன்னு கத்தினேன். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் 'வால்யூம்... வால்யூம்...'னு கைதட்ட ஆரம்பிச்சிடுச்சு. அவன் சீட்டை மடிச்சு டப்பாவுலயே போட்டுட்டு இறங்கிப் போயிட்டான்.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல அதுதான் பெரிய காமெடி. ரெண்டு வாரம் அவன் காலேஜுக்கு வரலை. வந்ததும், "சாரி மச்சி, சும்மா ஜாலிக்குத்தான்டா"ன்னு தோள்ல கை போட்டேன். அவன் மெதுவா கையை எடுத்து விட்டுட்டு, "பரவால்ல"ன்னான்.

நாலு வருஷத்துல என்கிட்ட அவன் கடைசியா சொன்ன வார்த்தை அது.

ஃபைனல் இயர் முழுக்கக் கதவுக்குப் பக்கத்து பெஞ்ச்ல உட்கார்ந்தான். பெல் அடிச்சதும் முதல் ஆளா வெளியே போயிடுவான். நானும் அதைப் பெரிசா எடுத்துக்கலை. ப்ளேஸ்மென்ட், ப்ராஜெக்ட், ஃபேர்வெல்... மறந்தே போயிட்டேன்.

சரி, இப்போ பறவைக்கு வருவோம்.

2022-ல எனக்கு கானாவுல வேலை கிடைச்சது. கானா எங்கே இருக்குன்னு மேப்ல தேடாதீங்க, நானே சொல்றேன். ஆப்பிரிக்காவோட மேற்குப் பக்கம், அட்லான்டிக் கடலோரம். தலைநகரம் அக்ரா. பக்கத்துலயே டெமான்னு ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு ஃபேக்டரியில மெயின்டெனன்ஸ் வேலை. ரூம்ல மூணு பேர் தமிழ்ப் பசங்க. ஞாயித்துக்கிழமை ஆனா சாம்பார், கிரிக்கெட், தூக்கம். ஆப்பிரிக்காவுல இருக்கேன்னே பல நாள் தோணாது.

ஆபீஸ்ல ஒரு சீனியர். மலையாளி. எல்லாருக்கும் சேட்டா. மனுஷனுக்கு பறவைப் பைத்தியம். லீவு நாள்ல பைனாகுலரை மாட்டிக்கிட்டு எங்கேயாவது கிளம்பிடுவார். 2023 நவம்பர்ல ஒரு நாள், "வண்டி வாடகையை ஷேர் பண்ண ஒரு ஆள் குறையுது, வர்றியா?"ன்னார். எனக்குப் பறவைன்னா காக்காவும் கோழியும்தான் தெரியும். அதுலயும் கோழியை ப்ளேட்லதான் நல்லாத் தெரியும்! ஆனாலும் ரூம்ல போர் அடிச்சதால சரின்னுட்டேன்.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். போக வேண்டிய இடம் அஷான்டி பகுதியில இருக்கற போன்க்ரோன்னு ஒரு சின்னக் கிராமம். அதை ஒட்டின காட்டுலதான் நம்ம ஹீரோ இருக்கார். வழியெல்லாம் சேட்டா கிளாஸ் எடுத்துக்கிட்டே வந்தார்.

பறவை பேரு பிகாதார்டிஸ். வாயில நுழையலையா? 'பிகா'ன்னா ஒரு வகைக் காக்கா, 'கதார்டிஸ்'னா கழுகு. லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் இருந்து ரெண்டையும் சேர்த்து ஒட்டின பேரு. கழுகு மாதிரி மொட்டைத் தலை, காக்கா மாதிரி உடம்புங்கறதால அப்படி வச்சாங்களாம். ஊர்க்காரங்க இங்கிலீஷ்ல சுலபமா 'பாறைக்கோழி'ங்கற அர்த்தத்துல ராக்ஃபவுல்னு சொல்றாங்க. ஆனா இது கோழியும் இல்லை, கழுகும் இல்லை, காக்காவும் இல்லை!

அப்போ என்னதான் அது? இதுதான் பெரிய கூத்து. 1825-ல டெம்மிங்க்ங்கற டச்சு விஞ்ஞானி முதன்முதலா இதுக்கு அறிவியல் பேர் வச்சப்போ காக்கா இனத்துல சேர்த்தார். மூணு வருஷம் கழிச்சு லெஸ்ஸன்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி, 'இல்லையே, இது தனி'ன்னு வேற பேரினத்துக்கு மாத்தினார். அப்புறம் வந்தவங்க மைனா குடும்பம்னாங்க, ஈப்பிடிப்பான்னாங்க, கதிர்க்குருவின்னாங்க, தவிட்டுக்குருவின்னாங்க. ஒவ்வொரு குரூப்லயும் கொஞ்ச நாள் வச்சுப் பார்த்துட்டு வெளியே அனுப்பிட்டாங்க. கடைசியில டி.என்.ஏ. ஆராய்ச்சி வந்த பிறகுதான், இதோட நெருங்கின சொந்தக்காரங்க தென்னாப்பிரிக்காவுல பாறைகள்ல தாவித் திரியற ஒரு பறவையும், மலேசியா பக்கத்துக் காடுகள்ல தரையில நடக்கற ஒரு பறவையும்தான்னு தெரிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, சொந்தம் ஒண்ணு கண்டத்தோட தெற்கு மூலையில, இன்னொண்ணு கடல் தாண்டி!

இன்னொரு ஜோக் கேளுங்க. வகைப்படி பார்த்தா இது 'பாடும் பறவைகள்' கூட்டத்தைச் சேர்ந்தது. குயில்கூட அந்த லிஸ்ட்ல கிடையாது, இது இருக்கு. ஆனா இதுக்குப் பாட்டே வராது. எப்பவாவது தொண்டை கட்டின கோழி மாதிரி ஒரு கரகர சத்தம். மத்த நேரமெல்லாம் சைலன்ட்.

"பாடகர் சங்கத்துல மெம்பர், ஆனா பாட மாட்டார்"னு நான் சொன்னேன். சேட்டா விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு ஒரே பெருமை.

இந்தப் பறவைக்கு ஒரு டி.வி. வரலாறும் உண்டு. டேவிட் அட்டன்பரோ தெரியும்ல? நேஷனல் ஜியாகிரஃபி மாதிரி எந்த சேனல் பார்த்தாலும் ஞாபகத்துக்கு வர்ற அந்தத் தாத்தா. 1926-ல பொறந்தவர். அவர் 28 வயசுப் பையனா இருந்தப்போ, 1954-ல, 'ஜூ குவெஸ்ட்'னு பி.பி.சி.யில ஒரு தொடர் வந்தது. அதுக்காக சியரா லியோனுக்குப் போனாங்க. எதைத் தேடி? இதே பிகாதார்டிஸைத் தேடி! நிகழ்ச்சியை நடத்த வேண்டியவர் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஜாக் லெஸ்டர். அவருக்கு உடம்பு சரியில்லாமப் போக, தயாரிப்பாளரா இருந்த அட்டன்பரோ கேமரா முன்னாடி வந்தார். 'இந்த வாரம் கிடைக்குமா, அடுத்த வாரம் கிடைக்குமா'ன்னு வாராவாரம் இழுத்ததுல, லண்டன் தெருவுல ஒரு பஸ் டிரைவரே வண்டியை நிறுத்தி, அந்தப் பறவையைப் பிடிக்கப் போறியா இல்லையான்னு கேட்டாராம். வாயே திறக்காத ஒரு பறவை, உலகத்துலயே ரொம்பப் பிரபலமான குரலை மேடையேத்தி விட்டிருக்கு பாருங்க!

போன்க்ரோ போய்ச் சேர்ந்தப்போ மதியம் தாண்டிடுச்சு. "அக்வாபா!"ன்னு வரவேற்பு. ட்வி மொழியில 'நல்வரவு'ன்னு அர்த்தம். சின்னப் பசங்க ஓடி வந்து, "ஒப்ரோனி... ஒப்ரோனி..."ன்னு கூவுச்சுங்க. வெளிநாட்டுக்காரனை அப்படித்தான் கூப்பிடுவாங்க. வெள்ளைக்காரனைக் கூப்பிடற அதே வார்த்தையால என்னையும் கூப்பிட்டதுல என் கலருக்கு எவ்வளவு சந்தோஷம்!

பறவையைப் பார்க்க வர்றவங்ககிட்ட கிராமத்துக்குன்னு ஒரு கட்டணம் வாங்கறாங்க. கூடவே ஒரு வழிகாட்டி வருவார். எங்களுக்கு வந்தவருக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். கையில ஒரு நீளக் கத்தி, கால்ல ரப்பர் பூட்ஸ். ரூல்ஸ் சொன்னார். போன் சைலன்ட். கேமராவுல ஃபிளாஷ் கூடாது. பாறைகிட்ட போனதும் பேச்சு கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. கடைசியா என்னைப் பார்த்து, "முக்கியமா நீ"ன்னார். வந்து பத்து நிமிஷத்துல என்னைக் கண்டுபிடிச்சிட்டார் மனுஷன்!

முதல்ல கோகோ தோட்டம். சாக்லெட் மரத்தை அன்னிக்குத்தான் நேர்ல பார்த்தேன். பப்பாளி மாதிரி மஞ்சள் காய் கிளையில இல்லாம அடிமரத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. தோட்டம் முடிஞ்சதும் காடு. திடீர்னு ஒரே இருட்டு, ஒரே ஈரம். ஒத்தையடிப் பாதை. தரையில ஒரு இடத்துல கறுப்பா ஒரு கோடு நகர்ந்துக்கிட்டிருந்தது. படை எறும்பு. ஆயிரக்கணக்குல ஊர்வலம் போகுது. தாண்டிக் குதிக்கச் சொன்னார். மிதிச்சா பேன்ட்டுக்குள்ள ஏறிடுமாம்.

நம்ம பறவைக்கு இந்த எறும்புதான் கேட்டரிங். எறும்புப் படை வருதுன்னு பூச்சி, புழு எல்லாம் பதறி ஓடும்ல, பறவை பின்னாடியே போய் அதுங்களைப் பிடிச்சுச் சாப்பிடும். தரையில காய்ஞ்ச இலையைப் புரட்டியும் இரை தேடும். குஞ்சுகளுக்குச் சின்னத் தவளை, பல்லி எல்லாம் கொண்டு வந்து கொடுக்கும். பறக்கறது ரொம்பக் கம்மி. தாவறதுதான் அதிகம்.

கடைசியா ஒரு செங்குத்தான ஏத்தம். எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. ஏறி நிமிர்ந்து பார்த்தா... பாறை.

நம்ம ஊர் லாரி ரெண்டு மூணை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி ஒரு பெரிய பாறை. மேல் பகுதி குடை மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குக் கீழே, மழை படாத இடத்துல, பாறையில ஒட்டின மாதிரி மண் கிண்ணங்கள். நம்ம வீட்டு உத்தரத்துல குளவி கட்டும்ல, அதைப் பத்து மடங்கு பெரிசாக்கின மாதிரி. அதுதான் கூடு. ஈர மண்ணை அலகுல கொண்டு வந்து, வேர், நார் எல்லாம் கலந்து பூசிப் பூசிக் கட்டும். ஒரு தடவை கட்டினா ரிப்பேர் பண்ணிப் பண்ணி வருஷக்கணக்கா அதையே பயன்படுத்தும். பொதுவா ரெண்டு முட்டை. இப்படிப்பட்ட பாறை இல்லாத காட்டுல அதுக்கு வாழ்க்கை இல்லை. பாறை மட்டும் இருந்து காடு இல்லைன்னாலும் வாழ்க்கை இல்லை.

எதிர்ல மரப்பலகையில பெஞ்ச் மாதிரி போட்டிருந்தாங்க. உட்கார்ந்தோம். மணி நாலு. வழிகாட்டி உதட்டுல விரல் வச்சார். கிளாஸ் ஆரம்பம்!

ஃப்ரெண்ட்ஸ், நீங்க எப்பவாவது போன் இல்லாம, பேசாம, அசையாம அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கீங்களா? முயற்சி பண்ணிப் பாருங்க. முதல் அஞ்சு நிமிஷம் காமெடியா இருக்கும். அடுத்த அஞ்சு நிமிஷம் காது அரிக்கும், மூக்கு அரிக்கும். அதுக்கப்புறம் மண்டைக்குள்ள ஓட ஆரம்பிக்கும் பாருங்க ஒரு சத்தம்... யார் யாரோ பேசறது, நாம பேசினது, பேசாம விட்டது. எனக்குள்ள இவ்வளவு சத்தம் இருக்குன்னு எனக்கே தெரியாது.

நாப்பது நிமிஷம் ஆச்சு. ஒண்ணும் வரலை.

அப்போ இடது பக்கம் ஒரு கொடி லேசா ஆடுச்சு. பார்த்தா, அங்கே ஒரு தலை. மஞ்சள் தலை. இறகே இல்லை. சத்தமே இல்லாம எப்போ வந்துச்சுன்னே தெரியலை.

எனக்கு எக்சைட்மென்ட் தாங்கலை. வாய் தன்னால திறந்து, "சேட்டா, ஹெல்மெட் மாட்டிட்டு வருது பாருங்க!"ன்னுட்டேன். மெதுவாத்தான் சொன்னேன். சத்தியமா மெதுவாத்தான்.

கொடி ஆடுச்சு. தலையைக் காணோம்.

யாரும் என்னைத் திட்டலை. சேட்டா கண்ணை மூடிக்கிட்டார். அவர் இதுக்காக ஒரு வருஷமா லீவு பார்த்துக்கிட்டிருந்தவர். கூட வந்த இன்னும் ரெண்டு பேர் தரையைப் பார்த்தாங்க. வழிகாட்டி மட்டும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமே இல்லை. 'பரவால்ல'ங்கற மாதிரி ஒரு பார்வை.

அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சேன். சட்டுனு வயித்துல என்னமோ பண்ணுச்சு. டிபார்ட்மென்ட் டே. மைக். மடிச்ச சீட்டு. 'வால்யூமைக் கூட்டுடா மச்சி.'

ஏழு வருஷம் கழிச்சு, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, ஒரு பாறை முன்னாடி உட்கார்ந்து எனக்கு வேர்த்துச்சு. பத்து செகண்ட்தான் பாஸ். அவன் மைக் முன்னாடி நின்னது வெறும் பத்து செகண்ட். அந்தப் பத்து செகண்ட் எங்களால சும்மா இருக்க முடியலை.

நேரம் ஓடுது. காட்டுல சீக்கிரம் இருட்டிடும். எனக்குப் பறவையைப் பார்க்கணும்ங்கற ஆசையெல்லாம் போயிடுச்சு. 'எனக்கு வேண்டாம், சேட்டாவுக்காகவாவது வந்துடு'ன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டிருந்தேன். கால் மரத்துப் போச்சு. கொசு கடிச்சுது. அசையலை.

வந்துச்சு.

கொடியிலிருந்து ஒரு கிளைக்கு ஒரே தாவு. அங்கிருந்து பாறைக்கு ஒரே தாவு. ஸ்பிரிங் வச்ச மாதிரி. சிறகடிக்கற சத்தம்கூட இல்லை. நம்ம ஊர்க் காக்கா உயரம் இருக்கும். கழுத்தும் மார்பும் நல்ல வெள்ளை. முதுகு கறுப்பு. நீளமான கால், நீளமான வால். தலை மட்டும் இறகில்லாம மஞ்ச மஞ்சேள்னு. கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் வட்டமா கறுப்பு, ஹெட்போன் மாட்டின மாதிரி. எங்களை நேராப் பார்த்துச்சு. அதுக்குத் தெரியும், நாங்க இருக்கோம்னு. பார்த்துட்டு, சரி போனாப் போகட்டும்ங்கற மாதிரி தலையைத் திருப்பி, இறகைக் கோத ஆரம்பிச்சிடுச்சு.

பின்னாலேயே இன்னொண்ணு. அப்புறம் மூணாவது. ஒண்ணு ஒரு மண் கிண்ணத்தோட விளிம்புல ஏறி நின்னு உள்ளே எட்டிப் பார்த்துச்சு. எங்களுக்கு அஞ்சாறு மீட்டர் தள்ளித்தான். இருபது நிமிஷம் இருக்கும். சேட்டா பைனாகுலரைத் தொடவே இல்லை. அவர் கன்னத்துல தண்ணி வழிஞ்சுது. வேர்வையா வேறயான்னு நான் கேட்கலை.

இறங்கும்போது டார்ச் வெளிச்சத்துல வழிகாட்டி கொஞ்சம் பேசினார். சின்ன வயசுல அப்பாவோட காட்டுக்கு வந்தப்பவே இந்தப் பறவையைப் பார்த்திருக்காராம். "இதைப் பார்க்கறதுக்குக் காசு குடுத்து ஆள் வரும்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்"னார்.

அப்போ சேட்டா ஒரு விஷயம் சொன்னார். 1960-களுக்குப் பிறகு கானாவுல இந்தப் பறவையை விஞ்ஞானிகள் யாரும் பார்க்கலை. இந்த நாட்டுல அழிஞ்சே போயிடுச்சோன்னு பயந்தாங்க. 2003-ல ஒரு ஆராய்ச்சிக் குழு கானா காட்டுல திரும்பவும் பார்த்தது. 'மறுபடி கண்டுபிடிப்பு'ன்னு அறிவியல் இதழ்ல கட்டுரை வந்துச்சு. வழிகாட்டி அதைக் கேட்டுட்டுச் சிரிச்சார். "அது எங்கேயும் போகலையே. இங்கேதானே இருந்துச்சு"ன்னார்.

இன்னிக்கும் நிலைமை அவ்வளவு நல்லா இல்லை. கினி, சியரா லியோன், லைபீரியா, கோட் டிவார், கானா... இந்த அஞ்சு நாட்டுல மட்டும்தான் இந்த வெள்ளைக் கழுத்துப் பறவை இருக்கு. இன்னொரு வகை, சாம்பல் கழுத்துக்காரர், கேமரூன், காபோன் பக்கம். வெள்ளைக் கழுத்து வகையில வளர்ந்த பறவைகள் மொத்தமே பத்தாயிரத்துக்குள்ளதான்னு கணக்கு. ஒரு பெரிய யுனிவர்சிட்டி ஸ்ட்ரெங்த்கூட வராது! உலகத்து கோகோவுல சுமார் பாதி கானாவிலிருந்தும் கோட் டிவாரிலிருந்தும்தான் வருது. அதுக்காகக் காடு போச்சு. மரத்துக்காகப் போச்சு. கானாவுல சட்ட விரோதமா தங்கம் தோண்டறதுலயும் போகுது. நாம லவ் பண்ற பொண்ணுக்கு வாங்கற சாக்லெட்டுக்கும் இந்தப் பாறைக்கும் நடுவுல ஒரு கோடு ஓடுதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

நல்ல செய்தியும் உண்டு. சியரா லியோன்ல முன்னாடி சில ஊர்கள்ல காட்டுப் பாறைகள்ல முன்னோர்களோட ஆவி குடியிருக்கு, இந்தப் பறவைதான் அதுக்குக் காவல்னு நம்பினாங்க. அந்த மரியாதையிலயே யாரும் அதுங்ககிட்ட வம்பு பண்ணலை. அங்கே இந்தப் பறவை வாழற கோலா மழைக்காடு 2010-ல தேசியப் பூங்கா ஆச்சு. 2025 ஜூலையில கோலா-டிவாய் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. அந்த நாட்டுக்கே அதுதான் முதல் தடவை. போன்க்ரோவுல ஆவி இல்லை, டிக்கெட் இருக்கு. ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான். பாறைகிட்ட யாரும் சத்தம் போடறதில்லை.

அன்னிக்கு ராத்திரி குமாசியில ஒரு லாட்ஜ்ல தங்கினோம். சேட்டா சந்தோஷத்துல தூங்கிட்டார். எனக்குத் தூக்கம் வரலை. காலேஜ் குரூப்ல தேடி மியூட்டோட நம்பரை எடுத்தேன். இல்லை, 'மியூட்' இல்லை. அவனோட நிஜப் பேரைப் போட்டு சேவ் பண்ணினேன். ஏழு வருஷத்துல முதல் தடவை.

'ஹாய் மச்சி, எப்படி இருக்க, ஞாபகம் இருக்கா'ன்னு டைப் பண்ணினேன். அழிச்சேன். ஒரு ஜோக் போட்டு ஆரம்பிச்சேன். அழிச்சேன். பேசறதுல மன்னன்னு பேரெடுத்தவனுக்கு நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியா இதைத்தான் அனுப்பினேன்: 'டிபார்ட்மென்ட் டே அன்னிக்கு உன் பேரை உன்னைக் கேட்காம எழுதினது நான். கத்தினதும் நான். அது ஜாலி இல்லை. தப்பு. பதில் போடணும்னு இல்லை.'

ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரலை.

அடுத்த நாள் வரலை. அதுக்கடுத்த நாளும் வரலை. பழைய நானா இருந்தா, 'என்ன மச்சி, கோபமா?'ன்னு பத்து மெசேஜ் தட்டியிருப்பேன். போனைக் கவுத்து வச்சுட்டு வேலையைப் பார்த்தேன்.

நாலாம் நாள் ராத்திரி வந்துச்சு.

'அன்னிக்கு எனக்கு வந்த டாபிக் மழை. பேச நிறைய இருந்துச்சு. எங்க ஊர்ல ஒரு தடவை ஏரி உடைஞ்சு, விடியற வரைக்கும் கோயில் மண்டபத்துல நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். அதைச் சொல்லலாம்னுதான் யோசிச்சேன். எங்கேயிருந்து ஆரம்பிக்கறதுன்னு கொஞ்சம் டைம் தேவைப்பட்டுச்சு. அதுக்குள்ள நீங்க எல்லாரும் கத்த ஆரம்பிச்சிட்டீங்க.'

அவ்வளவுதான். 'பரவால்ல'ன்னு எழுதலை. எழுதாததே நல்லதுன்னு பட்டுது.

நாங்க அவனுக்கு ஒண்ணுமே பேசத் தெரியாதுன்னுதானே சிரிச்சோம்! அந்த மேடையில அன்னிக்கு ஏறின இருபது பேர்ல, சொல்றதுக்கு உண்மையிலேயே ஒரு விஷயம் வச்சிருந்தவன் அவன் ஒருத்தன்தான்னு இப்போ தோணுது. நான் பேசின ஒரு நிமிஷம் என்ன டாபிக்னு எனக்கே ஞாபகம் இல்லை.

இப்போ எப்பவாவது மெசேஜ் பண்ணிக்கறோம். நான் ஒண்ணு கேட்டா ரெண்டு நாள் கழிச்சு பதில் வரும். பிகாதார்டிஸ் போட்டோ அனுப்பினேன், ஒரு வாரம் கழிச்சு, 'கூடு எப்படி மழையில கரையாம இருக்கு?'ன்னு கேட்டான். எங்க கூட்டத்துல யாருக்கும் வராத கேள்வி அது! மன்னிச்சிட்டியான்னு நான் கேட்கலை. கேட்கவும் போறதில்லை. அந்த ஏரி உடைஞ்ச கதையை மட்டும் என்னிக்காவது முழுசா கேட்கணும். அவன் எப்போ சொல்லணும்னு நினைக்கறானோ அப்போ.

சரி, ஆரம்பத்துல ஒரு முகத்தை மனசுல வச்சுக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

போய்க் கட்டிப்பிடிச்சு ஃப்ரெண்ட்ஷிப் பேண்ட் எல்லாம் கட்ட வேண்டாம். 'ஏன்டா பேசவே மாட்டேங்கற?'ன்னு கேட்காதீங்க, அது ஃபிளாஷ் அடிக்கற மாதிரி. மேடையில ஏத்தி 'தைரியம் வரவழைக்கறேன்'னு கிளம்பாதீங்க. அதைத்தான் நான் பண்ணினேன். நாளைக்கு லேப்ல பக்கத்து ஸ்டூல் காலியா இருந்தா போய் உட்காருங்க. போனைப் பையில போடுங்க. அவங்க ஏதாவது சொல்ல வாயெடுத்தா, நடுவுல உங்க ஜோக்கை விடாம ஒரு பத்து செகண்ட் பொறுங்க.

ஒரு பத்து செகண்ட்தானே பாஸ்... முடியாதா என்ன?